கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில இருக்கிற ஆக்களே, உங்கட சொல்லு எடுபட என்ன செய்யலாம்?

வாடகை நாங்கள் கட்டுறம். ஆனா லிஃப்ட் திருத்துற கொன்ட்ராக்ட் ஆருக்கு, கிளீனிங் கிழமைக்கு எத்தினை தரம், ஜன்னல் எப்ப மாத்துறது எண்டு ஒண்டுக்கும் எங்களைக் கேக்கிறேல்லை. பிரைவேட் வீட்டுக்காரன் சரியில்லாட்டி வேற வீடு பாத்துப் போகலாம். இந்த வீட்டுக்கு எத்தினை வருஷம் வெயிற்றிங் லிஸ்டில கிடந்தனாங்கள், விட்டிட்டுப் போக ஏலுமோ? ஏலாது எண்டு கவுன்சிலுக்கும் ஹவுசிங் அசோசியேஷனுக்கும் வடிவாத் தெரியும்.

நான் சொல்லுறது இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்து, வேல்ஸில இருக்கிறவைக்கு விதிகள் வேற.

முதல் விஷயம், போன் அடிக்கிறதை மட்டும் நம்பாதேங்கோ. எங்கட பாத்ரூமில பூஞ்சணம் பிடிச்சு நான் ஏழு மாசமா அடிச்சுக்கொண்டே இருந்தன், ஒவ்வொரு தரமும் ஒரு பிள்ளை எடுத்து "பதிஞ்சாச்சு" எண்டு அன்பாச் சொல்லும், பிறகு என்னைப் பற்றி அவை வச்சிருக்கிற தகவல் எல்லாம் தாங்கோ எண்டு எழுதிக் கேட்டு வாங்கிப் பாத்தா ரெண்டே ரெண்டு கோல்தான் பதிவில கிடக்குது. (இப்பிடிக் கேக்கிறது டேட்டா புரொடெக்‌ஷன் சட்டத்தில உங்கட உரிமை, பொதுவா ஒரு மாசத்துக்குள்ள தரவேணும், காசு இல்லை. தகவல் அறியும் சட்டம் கவுன்சிலுக்குத்தான் செல்லும், ஹவுசிங் அசோசியேஷனுக்குச் செல்லாது, அதால அங்க இருக்கிறவைக்கு இந்த வழி முக்கியம்.) அதுக்குப் பிறகு நான் எல்லாம் ஈமெயில்தான். போனில கதைச்சாலும் அண்டைக்கே "இண்டைக்கு இன்ன நேரம் இன்னது கதைச்சனாங்கள்" எண்டு ரெண்டு வரி அனுப்பி விடுவன்.

எழுதேக்கை ஒரு வித்தியாசம் தெரிஞ்சிருக்க வேணும். "குழாய் ஒழுகுது, வந்து பாருங்கோ" எண்டா அது ரிப்பேர் ரிக்குவெஸ்ட். "மூண்டு தரம் சொல்லியும் ஒருத்தரும் வரேல்லை, எனக்குத் திருப்தி இல்லை" எண்டா அது முறைப்பாடு, கம்ப்ளெயின்ட் எண்ட சொல்லுக்கூடப் போடத் தேவையில்லை. ஆனா போடுங்கோ, "இதை ஸ்டேஜ் ஒண்டு கம்ப்ளெயின்டா எடுங்கோ" எண்டு தெளிவாப் போட்டா அவைக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை. 2024 ஏப்ரல் 1ஆம் திகதியில இருந்து ஹவுசிங் ஒம்புட்ஸ்மனின்ர (கவுன்சில், அசோசியேஷன் வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கிற சுயாதீன அமைப்பு) முறைப்பாட்டு விதிக்கோவை சட்டப்படி கட்டாயம். 5 வேலை நாளில கிடைச்சது எண்டு பதில், அதில இருந்து 10 வேலை நாளில முடிவு. பிடிக்காட்டி ஸ்டேஜ் ரெண்டு, அதுக்கு 20 வேலை நாள். நேரம் கூட வேணுமெண்டா காரணத்தை உங்களுக்கு எழுதவேணும். அதுவும் சரிவராட்டி ஒம்புட்ஸ்மனிட்டப் போங்கோ, இலவசம்தான், ஆனா முடிவு வர மாசக்கணக்கு எடுக்கும் எண்ட பொறுமையோட போங்கோ. அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷ் கஷ்டமெண்டா அவையின்ர சம்மதத்தோட பிள்ளையள் எழுதலாம்.

ஈரலிப்பு, பூஞ்சணத்துக்குத் தனிச் சட்டமே இருக்கு. 2020 டிசம்பரில ரொச்டேலில ரெண்டு வயசுப் பிள்ளை, அவாப் இஷாக், வீட்டுப் பூஞ்சணத்தால செத்தது. தகப்பன் 2017லயே சொன்னவர், மேலால பெயின்ற் அடியுங்கோ எண்டிச்சினம். அந்தப் பிள்ளையின்ர பேரில வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 தொடக்கம் நடைமுறையில இருக்கு. உடனடி ஆபத்தெண்டா 24 மணித்தியாலத்துக்குள்ள வந்து ஆபத்தில்லாமல் ஆக்கவேணும், பாரதூரமான ஈரலிப்பெண்டா 10 வேலை நாளில வந்து பரிசோதிக்க வேணும், பரிசோதிச்சு முடிய 3 வேலை நாளில என்ன கண்டது எண்டு எழுத்தில தரவேணும், 5 வேலை நாளில ஆபத்தில்லாமல் ஆக்கவேணும். "ஜன்னலைத் திறந்து வையுங்கோ, சமைக்கேக்கை மூடி போடுங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனா இந்த நாள்க்கணக்கை எழுதிக் காட்டுங்கோ.

இதெல்லாம் உங்கட ஒரு வீட்டுப் பிரச்சினை. நிர்வாகத்தில சொல்லு எடுபட வேணுமெண்டா தனியாச் சரிவராது. புளொக்கில ஒரு வாட்ஸ்அப் குறூப் தொடங்குங்கோ, தயவுசெய்து தமிழ் ஆக்களோட மட்டும் நிக்காதேங்கோ, மேல் மாடிச் சோமாலிக் குடும்பத்துக்கும் கீழ இருக்கிற வெள்ளைக்கார அம்மாவுக்கும் அதே லிஃப்ட்தான். பத்து வீட்டில ஒரே நாள் லிஃப்ட் நிண்டதைத் திகதியோட எழுதி வச்சா, அது புலம்பல் இல்லை, ஆதாரம். 2024 ஏப்ரலில வந்த புது விதிப்படி, குடியிருக்கிறவை தாங்களாச் சேந்து நிர்வாகத்தைக் கேள்வி கேக்க வெளிக்கிட்டா லாண்ட்லோர்ட் அதுக்கு உதவி செய்யவேணும். ரெகுலேட்டர் (இந்த லாண்ட்லோர்ட்மாரைக் கண்காணிக்கிற அரச அமைப்பு) தனி ஆளின்ர முறைப்பாடு பாக்கிறேல்லை, ஆனா கன வீட்டில ஒரே பிழை எண்டு அனுப்பினா பாக்கும். உங்கட லாண்ட்லோர்ட் 1,000 வீட்டுக்கு மேல வச்சிருந்தா சீ1 தொடக்கம் சீ4 வரை கிரேட் குடுப்பினம், அதைத் தேடிப் பாருங்கோ. சீ3, சீ4 எண்டா பெரிய பிழையள் பிடிபட்டிருக்கு, கூட்டத்தில அந்த அறிக்கையை வாசிச்சே கேக்கலாம். வருஷாவருஷம் வாற சர்வேயையும் எறியாதேங்கோ. "லாண்ட்லோர்ட் உங்கட கருத்தைக் கேட்டு நடக்குதோ" எண்டு ஒரு கேள்வி அதில இருக்கு, அந்த நம்பரை அவை வெளியில போட்டே ஆகவேணும்.

கன்சல்டேஷன் எண்டு கூப்பிட்டு ஸ்லைட் காட்டி பிஸ்கட் தந்து அனுப்புவினம். போறதுக்கு முதல் மூண்டு கேள்வியை எழுதி அனுப்புங்கோ: இதில எது இன்னும் முடிவாகேல்லை? முடிவை ஆர், எப்ப எடுக்கினம்? எங்கட கருத்தால என்ன மாறினது எண்டு எப்ப எழுத்தில தருவியள்? முதல் கேள்விக்கே பதில் இல்லாட்டி அது கன்சல்டேஷன் இல்லை, அறிவித்தல். கவுன்சில் வீட்டில செக்கியூர் டெனன்சி (கவுன்சில் நினைச்சபடி எழுப்ப ஏலாத வாடகை ஒப்பந்தம்) இருக்கிறவை 1985 ஹவுசிங் சட்டத்தின்ர 105ஆம் பிரிவைச் சொல்லலாம், நிர்வாகத்தில பெரிய மாற்றம் செய்யமுதல் உங்களைக் கேக்கத்தான் வேணும். வாடகையும் சேர்விஸ் சார்ஜும் அதுக்குள்ள வராது.

போர்டில (நிர்வாக சபையில) ஒரு சீற் தாறம் எண்டா சந்தோஷப்படுங்கோ, ஆனா அதோட விட்டிடாதேங்கோ. போர்டில இருக்கிற ஆள் சட்டப்படி நிறுவனத்தின்ர நன்மையைத்தான் பாக்கவேணும், உங்களுக்காகக் கதைக்கிற பிரதிநிதி இல்லை, கன விஷயம் வெளியில சொல்லவும் ஏலாது. லண்டனில கிரென்ஃபெல் டவர் எண்ட மாடிக் கட்டடத்தை நடத்தின அமைப்பின்ர பேரே டெனன்ட் மனேஜ்மென்ட் ஓர்கனைசேஷன், போர்டில குடியிருப்பாளர்களும் இருந்தவை. அங்க இருந்த சனம் நெருப்பு ஆபத்தைப் பற்றி எழுதி எழுதிக் களைச்சதுகள். 2017 ஜூன் 14இல அந்த டவர் எரிஞ்சு 72 பேர் செத்தவை. இண்டைக்கு இந்தப் புது விதியளில கனக்க இருக்கிறதே அந்தச் சனத்தாலதான். என்னைக் கேட்டா போர்டை விட ஸ்குறூட்டினி பனல் (குடியிருக்கிறவை சேந்து நிர்வாகத்தின்ர வேலையைப் பரிசோதிக்கிற குழு) நல்லது, ரிப்பேருக்கு எத்தினை நாள் எடுக்குது, எத்தினை முறைப்பாடு வந்தது எண்டு கணக்குக் கேட்டு அறிக்கை எழுதலாம்.

உயரம் 18 மீற்றரோ அதுக்குக் கூடவோ, அல்லது 7 மாடியோ அதுக்குக் கூடவோ உள்ள கட்டடமெண்டா குடியிருக்கிறவையோட எப்பிடிக் கலந்து கதைக்கிறது எண்டு எழுதின திட்டம் ஒண்டு இருக்கவேணும், 2022 பில்டிங் சேஃப்டி சட்டம் அது. நாளைக்கே ஈமெயில் போட்டு அதின்ர கொப்பி கேளுங்கோ, வந்ததும் குறூப்பில போடுங்கோ.