இஆர்பிநெக்ஸ்டில் ரோல், பெர்மிஷனைக் கலைத்து மறுபடி அடுக்குவது எப்படி?

பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில் இஆர்பிநெக்ஸ்டை (பில், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) பார்த்துக்கொள்வது என் வேலை. கோவையில் அலுவலகமும் பெரிய குடோனும், ஈரோட்டில் சின்னதாய் இன்னொரு குடோன். மொத்தம் 23 பயனர்கள். அதில் 9 பேருக்கு சிஸ்டம் மேனேஜர் ரோல் (அமைப்பையே மாற்றக்கூடிய அனுமதித் தொகுப்பு) இருந்தது. காரணம் நான்தான். யாராவது "சார், இது திறக்க மாட்டேங்குது" என்று வந்து நின்றால், அந்த நேரத்துக்கு அதை டிக் செய்து அனுப்பிவிடுவேன். குடோன் பையன் ஒருவன் வாடிக்கையாளரின் கடன் வரம்பைத் தவறுதலாக மாற்றிவிட்ட பிறகுதான் உட்கார்ந்து மொத்தத்தையும் கலைத்தேன்.

பயனரை உருவாக்குவது, ரோல் சேர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு நகல்

அன்றாட வேலை ஓடிக்கொண்டிருக்கும் சைட்டில் (தனக்கென்று ஒரு தரவுத்தளத்தோடு ஓடும் இஆர்பிநெக்ஸ்ட்) இதைச் செய்யாதீர்கள். பேக்கப் எடுத்து வேறொரு சைட்டில் ரீஸ்டோர் செய்யுங்கள். அந்த நகலின் சைட் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், மெயிலை நிறுத்தும் மியூட் ஈமெயில்ஸ் போட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் நகலிலிருந்தும் வாடிக்கையாளர்களுக்கு உண்மையான மெயில் போகலாம்.

அப்புறம் ஒரு தாள்

இதற்கென்று தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். நான் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு அட்டவணை போட்டேன். இடப்பக்கம் வேலைகள், மேலே ஆவணங்கள், கட்டத்துக்குள் படிக்க, எழுத, சப்மிட் (ஆவணத்தை உறுதிசெய்து பூட்டுவது), கேன்சல். பதவிப் பெயரை நம்பாமல், ஆளிடம் போய் "காலையில் வந்ததும் முதலில் எதைத் திறப்பீர்கள்?" என்று கேளுங்கள். ரோலுக்கு வேலையின் பெயரை வையுங்கள். எங்களிடம் 'அக்கவுண்ட்ஸ் அக்கா' என்றே ஒரு ரோல் இருந்தது. அந்த அக்கா வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

சப்ளையரை உருவாக்குபவரும் பேமென்ட் என்ட்ரியை சப்மிட் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒரே லாகினை மூன்று பேர் பகிர்வதும் வேண்டாம். கம்பெனி சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். மூன்று பேரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவில் யாரைத் தேடுவது?

ரோல் பெர்மிஷன்ஸ் மேனேஜர்

எந்த ரோலுக்கு எந்த ஆவணத்தில் என்ன அனுமதி என்று டிக் செய்யும் பக்கம் இது. மென்பொருளோடு கூடவே வரும் சேல்ஸ் யூசர், ஸ்டாக் யூசர் ரோல்களைத் திருத்தாமல், புதிதாக உங்கள் ரோல்களை உருவாக்குங்கள் என்பது என் கட்சி. இன்னொன்று: ஒரு ஆவண வகையின் அனுமதியில் ஒரு தடவை கை வைத்துவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் பட்டியல்தான் செல்லும். அடுத்த அப்டேட்டில் வரும் புது அனுமதிகள் அதில் சேராது. பழையபடி வேண்டுமென்றால் ரீஸ்டோர் ஒரிஜினல் பெர்மிஷன்ஸ் பொத்தான் இருக்கிறது.

ரோல்கள் அனுமதியைக் கூட்டும், கழிக்காது. ஒரு ரோலில் டெலீட் டிக்கை எடுத்தும் ஒருவரால் அழிக்க முடிகிறதா? அவரிடம் இருக்கும் வேறொரு ரோல் அதைத் தருகிறது. பழைய ரோல்களை எல்லாம் உருவிவிட்டு, ரோல் புரொஃபைல் (பல ரோல்களின் கட்டு) ஒன்றைக் கட்டி அதை மட்டும் கொடுங்கள்.

யூசர் பெர்மிஷன்: எனக்கு இரண்டு நாள் தின்ற இடம்

பெயர்தான் குழப்பம். எந்த வகை ஆவணத்தைத் தொடலாம் என்பதை ரோல் சொல்லும். அந்த வகைக்குள் எந்தெந்தப் பதிவுகள் என்பதை யூசர் பெர்மிஷன் சொல்லும். ஈரோட்டுப் பையனுக்கு வேர்ஹவுஸ் = ஈரோடு என்று ஒரு வரி போட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் போன். "அண்ணே, கோவையிலிருந்து வந்த சரக்கோட என்ட்ரி லிஸ்ட்ல தெரியுது, திறந்தா அனுமதி இல்லேங்குது."

இதில் என்ன நடக்கிறது என்றால், லிஸ்ட் காட்டும்போது ஆவணத்தின் மேல்பகுதியில் உள்ள கட்டங்களை மட்டுமே பார்க்கிறது. ஆவணத்தைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் ஐட்டம் வரிசைகளையும் பார்க்கிறது. மேலே சோர்ஸ் வேர்ஹவுஸ் (சரக்கு கிளம்பும் குடோன்) காலியாக இருந்ததால் லிஸ்டில் வந்தது. உள்ளே வரிசையில் சோர்ஸ் 'கோவை' என்று இருந்ததால் கதவு சாத்தப்பட்டது.

இது புரியாமல் நான் சிஸ்டம் செட்டிங்ஸுக்குப் போய் அப்ளை ஸ்ட்ரிக்ட் யூசர் பெர்மிஷன்ஸை டிக் செய்தேன். வேலை இன்னும் கெட்டது. ஸ்ட்ரிக்ட் என்றால், கட்டம் காலியாக இருக்கும் பதிவும் தெரியாது. எங்கள் டெலிவரி நோட்டில் மேலே உள்ள வேர்ஹவுஸ் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை, வரிசையில்தான் போடுவார்கள். ஈரோட்டின் டெலிவரி நோட்டுகள் அத்தனையும் பையனின் லிஸ்டிலிருந்து மறைந்துவிட்டன. அந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

சரியான வழி இது. ஆவணத்தின் கட்டங்களை மாற்றும் கஸ்டமைஸ் ஃபார்மில் ஸ்டாக் என்ட்ரியை (பையன் சொன்ன அந்த சரக்கு என்ட்ரி) திறந்து, மேலே உள்ள சோர்ஸ் வேர்ஹவுஸ் கட்டத்துக்கு இக்னோர் யூசர் பெர்மிஷன்ஸை டிக் செய்யுங்கள், அந்தக் கட்டத்தில் யூசர் பெர்மிஷன் பார்க்கப்படாது. அப்புறம் அதன் ஐட்டம் வரிசைகளான ஸ்டாக் என்ட்ரி டீடெய்லைத் திறந்து அங்குள்ள சோர்ஸ் வேர்ஹவுஸுக்கும் அதையே செய்யுங்கள். சரக்கு போய்ச் சேரும் டார்கெட் வேர்ஹவுஸைத் தொடாதீர்கள். இதனால் ஒரு ஓட்டை விழும்: எழுத அனுமதி உள்ளவர் கோவை சரக்கையும் சோர்ஸாகத் தேர்ந்தெடுக்கலாம். அதனால் ஈரோட்டு ரோலுக்கு ஸ்டாக் என்ட்ரியில் ரீட் மட்டும் கொடுத்தேன். அவர்கள் சரக்கை வெளியே அனுப்புவது டெலிவரி நோட்டில்தான், அங்கே பூட்டு அப்படியே இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது

அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து சோதிப்பதில் பயனில்லை. அந்தக் கணக்குக்கு எந்தத் தடையும் கிடையாது. ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு டம்மி பயனரை வைத்து, இன்காக்னிட்டோ சன்னலில் நுழைந்து ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்து பாருங்கள்: பில் போடுவது, கேன்சல் செய்வது, பிரின்ட் எடுப்பது. நான் பிரின்ட்டை விட்டுவிட்டேன். மாற்றம் வந்த முதல் திங்கட்கிழமை, லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு போன் செய்தார்கள்.

பின்சேர்க்கை

கொள்முதல் விலையை குடோன் ஆட்களிடமிருந்து மறைப்பது பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஐட்டத்தில் வேல்யுவேஷன் ரேட், லாஸ்ட் பர்ச்சேஸ் ரேட் கட்டங்களுக்கு பெர்ம் லெவல் (கட்டத்துக்கான தனி அனுமதி அடுக்கு) 1 கொடுத்து, கணக்குப் பிரிவு ரோலுக்கு மட்டும் லெவல் 1 அனுமதி சேர்த்தால் ஐட்டத்தில் மறைந்துவிடும். ஆனால் ஸ்டாக் பேலன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தால் மதிப்பு அங்கே பளிச்சென்று நிற்கும். ரோல் பெர்மிஷன் ஃபார் பேஜ் அண்ட் ரிப்போர்ட் போய், ஸ்டாக் பேலன்ஸ், ஸ்டாக் லெட்ஜர் இரண்டிலிருந்தும் குடோன் ரோலை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் அவர்களுக்கு ஸ்டாக் புரொஜெக்டட் க்யூட்டி ரிப்போர்ட் போதும்.