போகிக்கு முந்தைய வாரம்: கழித்த பொருள்களால் வீடு நடத்துதல்

சென்னையில் பிறர் கழித்த பொருள்களைக் கொண்டே வீடு நடத்த விரும்புவோர் மார்கழியின் கடைசி வாரத்தைத் தவறவிடக் கூடாது. போகிக்கு முன் வீட்டை ஒழிக்கும்போது நாற்காலி, அலமாரி, மின்விசிறி, மிக்சி எனப் பலவும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி போகியன்று விடியலில் எரிந்து புகையாகும், எஞ்சியது பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குவிந்த குப்பை மலைகளோடு சேரும். அந்த வாரம் வருமுன்பே, வீட்டுக்கு உண்மையில் தேவையானவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதில் இல்லாத பொருளை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், எடுக்காதீர்கள். எடுப்பதை வீட்டாரிடம் கேட்டே எடுங்கள்.

தெருவுக்கு வரும் பொருள்களில் பல முழுதாகப் பழுதானவை அல்ல. மெதுவாகச் சுற்றுகிறது என்று கழிக்கப்படும் மின்விசிறியில் பெரும்பாலும் கண்டென்சர் என்னும் சிறு மின்பாகம் மட்டுமே வலுவிழந்திருக்கும். பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து (பல விசிறிகளில் அது 2.5 மைக்ரோஃபாரட்) அதே அளவில் புதியதை மாற்றினால் விசிறி பழைய வேகத்துக்குத் திரும்பும், மின்வேலை பழகாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. மிக்சியில் மோட்டார் ஓடியும் பிளேடு சுழலவில்லை என்றால், தேய்ந்தது பெரும்பாலும் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர்தான்.

மரச்சாமான்களைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தாலோ மண்தடம் தெரிந்தாலோ கரையான் உள்ளே இருக்கக்கூடும். மூட்டைப்பூச்சி இருக்கக்கூடும் என்பதால் மெத்தையையும் தலையணையையும் தொடவே வேண்டாம். கட்டிலின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றிய பின்னரே அதை அறைக்குள் கொண்டு செல்லுங்கள். இடித்த வீட்டிலிருந்து வரும் தேக்குக் கதவு கிடைப்பது பெரும் பேறு, ஆனால் அதன் பெயின்டைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள்: வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பூச்சின் தூசி குழந்தைகளுக்கு நஞ்சாகலாம். கேஸ் டியூப், ஹெல்மெட், பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவா ஆகியவற்றைப் பிறர் கழித்ததிலிருந்து எடுக்கவே கூடாது.

அட்டை, இரும்பு, செம்புக் கம்பி, பிளாஸ்டிக் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். குப்பை பொறுக்கி வாழ்பவர்களுக்கு அவை காயலான் கடையில் அன்றைய கூலியாகின்றன. நுகர்வை மறுப்பதற்காக நாம் தெருவுக்கு வரும்போது, வேறு வழியின்றி அங்கே நிற்பவரின் பங்கில் கை வைப்பது தவறு என்றே கருதுகிறேன். கொண்டுவந்தவற்றில் சித்திரை பிறக்கும்வரை பயன்படாதது எதுவோ, அதைத் தேவைப்படுபவரிடம் சேர்த்துவிடுங்கள்.