கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: சிங்கப்பூருக்குப் புதியவர்களுக்கு அன்றாட ஆங்கிலம்

சிங்கப்பூருக்கு வந்து சில மாதங்களே ஆன நம்மவர்களிடம் ஆங்கிலத்தில் என்ன சிரமம் என்று கேட்டால், "பேச வரலைங்க" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. காப்பிக்கடையில் "ஒன் கோப்பி" என்று எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் பதிலுக்கு "ஹேவிங் ஹியர்?" (இங்கேயே சாப்பிடுகிறீர்களா?) என்றதும்தான் வாயடைத்துப்போகிறது.

அதனால் இந்தப் பாடத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்ல நினைப்பதற்கு முன், உங்களிடம் கேட்கப்போவதைக் கற்றுக்கொள்ளுங்கள். கடையோ மருந்தகமோ (கிளினிக்), ஓர் இடத்தில் வழக்கமாக வரும் கேள்விகள் நாலைந்துதான். அவையே தினமும் திரும்ப வரும்.

ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஆனால் நம் எழுத்தில் பஸ்ஸுக்கும் பேப்பருக்கும் ஒரே 'ப'தான். ஆகவே கைப்பேசியில் கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து, ஒவ்வொரு தொடரையும் ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் சேராது.

படி 1: மாட்டிக்கொண்டால் சொல்ல வேண்டியவை

"ஹலோ, ஹவ் ஆர் யூ" எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்த நான்கு:

"ஸாரி, கேன் யூ ஸே தட் அகேன்?" (மறுபடி சொல்ல முடியுமா?)
"ஸ்லோலி, ப்ளீஸ்." (கொஞ்சம் மெதுவாக.)
"கேன் யூ ஷோ மீ?" (காட்ட முடியுமா?)
"ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" (பதினைந்தா, ஐம்பதா?)

கடைசித் தொடர் விலை கேட்கும்போது உதவும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் வேகமாகச் சொன்னால் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தனித்தனி இலக்கமாகக் கேட்டால் தகராறு இல்லை.

"ஐ டோன்ட் நோ இங்கிலீஷ்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் உங்களை விட்டுவிட்டு, பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று தேடத் தொடங்கிவிடுவார்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. புரியாவிட்டாலும் "யெஸ், யெஸ், ஓகே" என்று தலையாட்டுவது. கடையில் அப்படிச் செய்தால் வேண்டாத பானம் வரும், குடித்துவிடலாம். கட்டுமானத் தளத்தில் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) மேற்பார்வையாளர் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்கும்போது அதே தலையாட்டலைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அங்கே சொல்ல வேண்டியது: "ஸாரி பாஸ், நாட் திஸ் பார்ட். கேன் யூ ஷோ மீ ஒன்ஸ்?" கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால், முடிந்த பிறகு அவரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். ஆனால் வேலையைத் தொடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

படி 2: காப்பிக்கடையில் பயிற்சி

பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த இடம் இந்த ஊரில் இல்லை. உரையாடல் சின்னது, தினமும் நடப்பது, தவறினால் நஷ்டமும் அதிகமில்லை.

கேட்கப்போகும் கேள்விகள் இவை:

"யெஸ், வாட் யூ வான்ட்?" சில கடைகளில் இதுகூட இருக்காது, வெறும் தலையசைப்புதான்.
"ஹாட் ஆர் கோல்டு?"
"ஹேவிங் ஹியர் ஆர் டேக் அவே?" இதையே "ஈட் ஹியர்?" என்றோ "தபாவ்?" என்றோ கேட்பார்கள். தபாவ் சீன மொழியிலிருந்து வந்த சொல். பொட்டலம் கட்டவா என்பது கேள்வி.
"கேஷ் ஆர் கார்டு?" அல்லது "பேநவ்?" பேநவ் என்பது கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் முறை.

பதில் ஒரு சொல்லிலேயே இருக்கலாம். "ஹாட்." "ஹேவிங் ஹியர்." "கேஷ்." கடைக்காரரும் முழு வாக்கியத்தை எதிர்பார்ப்பதில்லை, பின்னால் வரிசை நிற்கிறது.

பானத்தின் பெயர் மட்டும் தனிப் பாடம். கோப்பி என்று கேட்டால் கெட்டியான இனிப்புப்பால் ஊற்றித் தருவார்கள். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டும் என்றால் கோப்பி ஓ. இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும் வேண்டுமென்றால் கோப்பி சி. சர்க்கரையே கூடாது என்பவர்கள் பின்னால் கோசோங் சேர்க்க வேண்டும். மலாயில் காலி என்று பொருள். இனிப்பைக் குறைக்க சியூ டாய், ஐஸ் போட பெங். ஆக, 'கோப்பி சி கோசோங் பெங்' என்றால் டின் பால் ஊற்றி, சர்க்கரை போடாத ஐஸ் காப்பி. தேநீருக்கும் இதே கணக்கு, கோப்பிக்குப் பதிலாக தே. சர்க்கரை நோய் உள்ள அம்மா, அப்பாவை ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தால், அவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது கோசோங்தான். இதில் ஆங்கிலம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சிங்கப்பூரின் அன்றாட ஆங்கிலத்துக்குள் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியும் மலாயும் கலந்துதான் இருக்கின்றன.

பயிற்சி செய்யும் விதம்: அறைத் தோழர் ஒருவரைக் கடைக்காரராக உட்காரவையுங்கள். அவர் கேள்விகளை வரிசை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ஒரே வரிசையில் கேட்டால் உங்கள் காது வேலை செய்யாது, மனப்பாடம்தான் வேலை செய்யும். அப்புறம் உண்மையான கடைக்கு, மதியம் மூன்று மணி வாக்கில் போங்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் போய் வரிசையை நிறுத்திவைத்துக்கொண்டு பயிற்சி செய்தால் பின்னால் நிற்பவர்களின் முறைப்பைத்தான் வாங்க வேண்டும்.

உணவங்காடி நிலையமாக (ஹாக்கர் சென்டர்) இருந்தால், சாப்பிட்டு எழுந்ததும் "ரிட்டர்ன் யுவர் ட்ரே, ப்ளீஸ்" என்று யாராவது சொல்லக்கூடும். 2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம் வரை போகும். "ஓ, ஸாரி" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய் வையுங்கள்.

படி 3: யெஸ், நோ குழப்பம்

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "சில்லறை இல்லையா?" என்று தமிழில் கேட்டால் "ஆமா, இல்லை" என்போம். ஆங்கிலத்தில் "யூ டோன்ட் ஹேவ் ஸ்மால் சேஞ்ச்?" என்ற கேள்விக்கு, இல்லையென்றால் "நோ, ஐ டோன்ட்" என்றுதான் பதில். நாம் "யெஸ்" என்றால் நம்மிடம் இருப்பதாக நினைத்துவிடுவார்கள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சீனமொழி பேசி வளர்ந்தவர்களில் பலரும் நம்மைப் போலவே 'ஆமாம், இல்லை' என்று பதில் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். ஆகவே எதிரில் இருப்பவர் உங்கள் யெஸ்ஸை எப்படி எடுத்துக்கொள்வார் என்று உங்களால் கணிக்கவே முடியாது. நான் வகுப்பில் சொல்வது இதுதான்: 'இல்லையா' என்று முடியும் கேள்வி வந்தால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். "ஐ ஹேவ் நோ சேஞ்ச்." "ஐ ஹேவ் நோ அலர்ஜி." இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

மேசையில் இடம் கேட்பதிலும் இந்த வலை இருக்கிறது. "கேன் ஐ சிட் ஹியர்?" என்று ஒருவர் கேட்டால், உட்காரட்டும் என்பதற்கு "யெஸ்". "இஸ் திஸ் ஸீட் டேக்கன்?" என்று கேட்டால், உட்காரட்டும் என்பதற்கு "நோ". கேள்வி எதுவாக இருந்தாலும் "ப்ளீஸ், சிட்" என்று கையைக் காட்டிவிடுங்கள். மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தால் யாரையும் கேட்கத் தேவையில்லை, அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது.

படி 4: மரியாதை எங்கே ஒட்டுகிறது

தமிழில் 'கொடுங்க' என்று சொன்னால் போதும், மரியாதை அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. அதை அப்படியே "கிவ் மீ" என்று ஆக்கினால் அதட்டுவதுபோல் கேட்கும். "கேன் ஐ ஹேவ்..." என்று தொடங்கி "ப்ளீஸ்" என்று முடியுங்கள். "கேன் ஐ ஹேவ் டூ ப்ராட்டா, ப்ளீஸ்?" வேண்டாம் என்பதற்கு "நோ" மட்டும் போதாது, "நோ, தேங்க் யூ."

அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவது இங்கே எல்லா இனத்தவருக்கும் பழக்கம். கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், துப்புரவு செய்பவர் என்று வயதில் மூத்தவர்களைத் தாராளமாக அப்படி அழைக்கலாம். வங்கியிலும் மருந்தகத்திலும் வேண்டாம், அங்கே "எக்ஸ்கியூஸ் மீ" என்று தொடங்குங்கள். முப்பது வயதுப் பெண்ணை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு நல்ல பதிலை எதிர்பார்க்கக் கூடாது.

'கேன்' என்ற சொல் இந்த ஊரில் தனியாகவே ஒரு வாக்கியம். "டுமாரோ கேன்?" "கேன்." முடியாது என்பதற்கு "கேனாட்" என்று முழுதாகச் சொல்லுங்கள். "கான்ட்" என்பது தொலைபேசியில் 'கேன்' போலவே விழும். இங்குள்ளவர்கள் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் 'லா'வைச் சேர்த்துப் பேசலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். கேட்டால் புரிய வேண்டும், அவ்வளவுதான்; வலிய ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை. நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் ஓர் இயக்கமே தொடங்கியது. அதற்குப் பிறகும் 'லா' எங்கும் போய்விடவில்லை. நேர்முகத் தேர்வில் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: பேருந்து, ரயில், மின்தூக்கி

இங்கே பேச்சு குறைவு. ஏறும்போது "அங்கிள், திஸ் பஸ் கோஸ் டு தேக்கா?" (தேக்கா, லிட்டில் இந்தியாவில் உள்ள சந்தைப் பகுதி.) கூட்டத்தில் இறங்க "எக்ஸ்கியூஸ் மீ, அலைட்டிங்." மின்தூக்கியில் யாராவது "விச் ஃப்ளோர்?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லி "தேங்க் யூ." எம்ஆர்டி ரயிலில் வரும் அறிவிப்புகள் காதுக்கு இலவசப் பாடம், ஒரே தொடர்கள் தினமும் வருகின்றன. இயர்ஃபோனைக் கழற்றிவைத்துக் கேளுங்கள்.

படி 6: மருந்தகம்

உடம்பு சரியில்லாதபோது தெரிந்த ஆங்கிலமும் மறந்துபோகும். அதனால் நலமாக இருக்கும்போதே இதைப் பழகுங்கள். பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) தனியார் மருந்தகத்திலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்:

"வாட்ஸ் த ப்ராப்ளம்?"
"ஹவ் மெனி டேஸ் ஆல்ரெடி?"
"எனி ட்ரக் அலர்ஜி?"
"யூ நீட் எம்சி?"

மூன்றாவது கேள்வியில் 'ட்ரக்' என்று காதில் விழுந்ததும் பயந்து "நோ நோ, ஐ குட் மேன்" என்பவர்கள் உண்டு. போதைப்பொருளைப் பற்றிய விசாரணை இல்லை அது. எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதன் பெயரை ஒரு தாளில் எழுதி, வேலை அனுமதி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். எம்சி என்பது வேலைக்குக் காட்டும் மருத்துவ விடுப்புச் சான்று.

நாள் கணக்கைச் சொல்ல இரண்டு வழி: "ஃபார் த்ரீ டேஸ்" (மூன்று நாளாக), "சின்ஸ் மண்டே" (திங்களிலிருந்து). "சின்ஸ் த்ரீ டேஸ்" என்று கலக்க வேண்டாம். வலிக்கு "பெயின் ஹியர்" என்று சொல்லித் தொட்டுக் காட்டினால் போதும்.

மருந்து வாங்கும் இடத்தில் கவனமாக இருங்கள். "ஆஃப்டர் ஃபுட்" என்றால் சாப்பாட்டுக்குப் பின். "வென் நெசஸரி" என்றால் தேவைப்பட்டால் மட்டும். "ஃபினிஷ் த கோர்ஸ்" என்றால் குணமானாலும் நிறுத்தாமல் கொடுத்த மாத்திரையை முழுதும் சாப்பிட வேண்டும். நீங்களாகக் கேட்க வேண்டியது ஒன்று: "வில் திஸ் மேக் மீ ட்ரௌஸி?" தூக்கம் வருமா என்ற கேள்வி இது. வண்டி ஓட்டுபவரும் உயரத்தில் வேலை செய்பவரும் இதைக் கேட்காமல் வெளியே வரக் கூடாது.

படி 7: தொலைபேசி, கடைசியில்

முகமும் கையும் தெரியாததால் இதுதான் கடினம். மற்றவை பழகும்வரை வாட்ஸ்அப்பில் எழுதிச் சமாளியுங்கள். ஆனால் அவசர அழைப்பை மட்டும் இப்போதே பழகுங்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995, போலிசுக்கு 999.

"ஐ நீட் அன் ஆம்புலன்ஸ். மை ஃப்ரெண்ட் ஃபெல் டவுன்." அவர்கள் முகவரி கேட்பார்கள். "இஸ் ஹி அவேக்?" (நினைவிருக்கிறதா?), "இஸ் ஹி ப்ரீதிங்?" (மூச்சு இருக்கிறதா?) என்றும் கேட்பார்கள்.

முகவரியில் தெருப் பெயரை உச்சரிக்கத் திணறினால் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு; அதோடு வீட்டு எண்ணையும், "ஜீரோ எயிட் டாஷ் ஒன் டூ ஃபோர்" என்று சொன்னால் எட்டாவது மாடிக்கே வந்துவிடுவார்கள். தங்கியிருக்கும் இடத்தின் குறியீட்டை இன்றைக்கே மனப்பாடம் செய்யுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து வங்கிக் கணக்கு, கடவுச்சொல், வேலை அனுமதி என்று வேகமாகப் பேசினால், அங்கே உங்கள் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். "ஸாரி, நாட் ஆன் த ஃபோன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். மோசடியா என்று சந்தேகம் இருந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். நாள் முழுக்க எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.