பள்ளி நூலகத்திற்கு நூல் தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நூலகங்களில் காணப்படும் தேவையற்ற நூல்களில் பல மார்ச் மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களில் வாங்கப்பட்டவை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளுக்கு அவற்றின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. நிதியாண்டு முடிவதற்குள் அதைச் செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில், விற்பனையாளர் கொண்டுவரும் பட்டியலையே தேர்வுப் பட்டியலாக ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். அவ்வாறு வந்து சேரும் கட்டுகளில் ஒரே அச்சில் வார்த்த தலைவர் வரலாறுகள், பொது அறிவு வினா விடை, பழமொழித் தொகுப்பு, கடிதம் எழுதும் முறை என்பவையே மிகுதியாக இருக்கும். புத்தகக் கண்காட்சியில் வழக்கமாகக் கிடைக்கும் கழிவு 10 விழுக்காடு. நூலகங்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும் பதிப்பகங்களும் உண்டு. ஆனால் ஒரு கட்டு நூலுக்குப் பாதிக்கு மேல் கழிவு தருவதாக ஒருவர் சொன்னால், அட்டையில் அச்சிட்டுள்ள விலை நியாயமானதுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இதைத் தவிர்க்க, ஜூன் மாதத்திலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கிவிடுவது நல்லது. மாணவர் கேட்டு நம்மிடம் இல்லாத நூல், நூலின் பெயர் தெரியாமல் பொருளை மட்டும் சொல்லிக் கேட்டது (“பாம்பைப் பற்றி ஏதாவது இருக்கா டீச்சர்?”), ஒரே நூலுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பன அதில் ஏற வேண்டும். மாவட்டப் புத்தகக் கண்காட்சி நடைபெறும்போது அந்தக் குறிப்பேட்டுடன் மூன்று நான்கு மாணவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எந்த நூலை எடுத்து இரண்டு பக்கம் தாண்டியும் கீழே வைக்காமல் நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே தேர்வின் பாதி வேலை முடிந்துவிடும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. பள்ளிகளில் நாம் மிகுதியாக மீறுவது இவ்விரண்டையுந்தான். ஆசிரியர் தம் இளமையில் விரும்பிப் படித்த ஐந்து பாக வரலாற்று நாவலை வாங்கி வைக்கிறார். அது நல்ல நூல் என்பதில் ஐயமில்லை, ஆனால் அந்தப் பள்ளியில் அதைப் படிக்கக்கூடியவர் எவர் என்று கேட்டுப் பார்க்கவில்லை.

இதைவிட ஆழமான தவறு, வகுப்பு எண்ணை வாசிப்புத் திறனாகக் கருதுவது. ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கக்கூடும். ஏழாம் வகுப்புக்குரியது என்று குறிக்கப்பட்ட நூலை அவரிடம் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார். முயலும் ஆமையும் படக்கதையைக் கொடுத்தாலோ, நண்பர்கள் முன்னால் அதைக் கையில் வைத்திருக்கவே கூச்சப்படுவார். அவருடைய வயதுக்கேற்ற பொருளைச் சிறிய சொற்றொடர்களில், பெரிய எழுத்தில், 16 அல்லது 24 பக்கங்களில் சொல்லும் நூல்களே அவருக்குத் தேவை. பெரும்பாலான நூலகங்களில் மிகக் குறைவாக இருப்பவையும் அவைதாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் வகுப்பு வாரியாக அல்லாமல் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதன் காரணமும் இதுவே. வாங்கும் முன் நூலின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து ஒரு மாணவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால், அது அவர் இப்போது தனியாகப் படிக்க வேண்டிய நூல் அன்று.

மொழிபெயர்ப்பு நூல்களை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. படம் அழகாக இருக்கும். ஆனால் எந்தக் குழந்தையின் வாயிலும் வராத தமிழில் வாக்கியம் இருக்கும். அதற்கு நேர்மாறாக, கதைமாந்தர் வட்டார வழக்கில் பேசுவதாலேயே ஒரு நல்ல சிறுவர் கதையைக் கொச்சை என்று ஒதுக்குவோரும் உள்ளனர். தன் வீட்டில் பேசும் சொல்லை முதன்முறையாக அச்சில் பார்க்கும் குழந்தையின் முகத்தைக் கண்டவர்கள் அவ்வாறு ஒதுக்க மாட்டார்கள்.

நூல் கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். பசையால் மட்டும் ஒட்டிய தடித்த நூல் பத்துக் கைகள் மாறுவதற்குள் தாள் தாளாகப் பிரிந்துவிடும். தையல் இழையால் தைத்த கட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் இழப்பில்லை.

நன்கொடை நூல்களைப் பொறுத்தவரை, பயன்படக்கூடியவற்றை மட்டுமே நூலகத்தில் சேர்ப்போம் என்பதைப் பெறும்போதே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் யானைத் தும்பிக்கை போன்ற கொம்புடன் கூடிய பழைய ‘லை’, ‘னை’ வடிவங்கள் இருக்கும். இன்றைய ஐந்தாம் வகுப்பு மாணவரால் அவற்றைப் படிக்க இயலாது. புளூட்டோவை ஒன்பதாவது கோளாகக் காட்டும் நூல் 2006-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட அறிவியலைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று காட்டும் வரைபடம், மாவட்டங்கள் 38 ஆன பின்னும் பல பள்ளிச் சுவர்களில் தொங்குகிறது. பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக உருவான குழந்தைகள் கலைக்களஞ்சியம் போன்ற அரிய பழைய நூல்களைப் போற்றிப் பாதுகாக்க வேண்டும். ஆயினும் இன்றைய புள்ளிவிவரம் தேடிவரும் மாணவருக்கு அவற்றை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

நூலகம் என்றால் நூல் மட்டுமே என்று கருதி இதழ்களையும் வரைபடங்களையும் ஒலிப்பதிவுகளையும் விட்டுவிடுவதும் தவறே. தடித்த நூலைத் தொடாத பிள்ளைகள் துளிர் போன்ற அறிவியல் மாத இதழைப் புரட்டுவார்கள். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரே இருந்தாலும், அவருக்குப் பிரெயில் நூலோ பெரிய எழுத்து நூலோ ஒலி நூலோ வாங்குவதைக் கூடுதல் செலவு என்று தள்ளிப்போடக் கூடாது. ஓசூர்ப் பகுதி போன்ற எல்லையோரப் பள்ளிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைகள் படிக்கிறார்கள். அவர்களுடைய மொழியிலும் சில நூல்கள் இருக்க வேண்டும். ப்ரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்துடன் பல இந்திய மொழிகளில் கதைகள் கிடைப்பதால், அச்சிடும் செலவில் இதை ஓரளவு ஈடுசெய்யலாம்.

ஆண்டு முடிவில் நூல் வழங்கல் பதிவேட்டைப் புரட்டி, ஒருமுறைகூட வெளியே போகாத நூல்களைத் தனியே எழுதுங்கள். அவற்றைத் தவறான தேர்வு என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். பூட்டிய பீரோவின் மேல்தட்டில் முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கியிருந்தால் எந்த நூலும் வெளியே போகாது. அட்டை தெரியுமாறு இரண்டு வாரம் மேசைமேல் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் எவரும் எடுக்காதவை எவையோ, அவ்வகை நூல்கள் அடுத்த ஆண்டின் பட்டியலில் இடம்பெறக் கூடாது.