ஆளை மயக்குற செண்ட் தேடுறீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க

லிஃப்ட் கதவு திறக்குது, உள்ள ஆளே இல்ல, ஆனா அப்பத்தான் இறங்கிப் போனவரோட செண்ட் மட்டும் நாலு செவுத்துலயும் ஒட்டிக்கிட்டு நிக்குது, எட்டாவது மாடி வரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டே போனேன். யாரோ ஒருத்தருக்குப் பிடிக்கணும்னுதான் பாவம் அவ்ளோ அடிச்சிருப்பாரு. காலேஜ் டைம்ல நானும் அதே கேஸுதான், அதனால கிண்டல் பண்ணல. செண்ட்டுக்கு வேலை ஒரு கை தூரத்துலதான், பக்கத்துல வந்து பேசுறவங்களுக்குத் தெரிஞ்சா போதும், அதைத் தாண்டிப் போனா தொல்லை.

முதல்ல இந்த ஃபெரமோன் பெர்ஃப்யூம் மேட்டரை முடிச்சிடுவோம். ஃபெரமோன்னா ஒரு உயிர் தன் இனத்துக்கே வாசனையா அனுப்புற சிக்னல், அது உள்ள இருக்குன்னு சொல்லித்தான் இந்த பெர்ஃப்யூமை விக்கிறாங்க. 1959ல பியூட்டெனன்ட்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானியோட டீம் பெண் பட்டுப்பூச்சிகிட்ட இருந்து ஒரு பொருளைப் பிரிச்செடுத்தாங்க, அதோட வாசனை லேசா பட்டாலே ஆண் பூச்சி தேடிக்கிட்டு வந்துடும். மனுஷங்ககிட்ட அந்த மாதிரி வேலை செய்ற ஒரு பொருளைக்கூட இன்னும் யாரும் நிரூபிக்கல. பாட்டில்ல என்ன எழுதியிருந்தாலும் சரி, அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க.

அதுக்காக உடம்பு வாசனைக்கு மதிப்பே இல்லைன்னு சொல்ல வரல. 1995ல சுவிட்சர்லாந்துல வெடெகைண்ட்னு ஒருத்தர் 44 பசங்களை ரெண்டு ராத்திரி ஒரே டீஷர்ட்டைப் போட்டுத் தூங்கச் சொல்லி, அதை 49 பொண்ணுங்ககிட்ட மோந்து பாக்கக் குடுத்தாரு. நோய் எதிர்ப்புக்கான ஜீன் தங்களோடதுல இருந்து யாருக்கு மாறுபட்டு இருந்துச்சோ அவங்க வாசனைதான் நிறைய பொண்ணுங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு, கருத்தடை மாத்திரை எடுத்துக்கிட்டவங்களுக்கு அப்படியே உல்டா. அப்புறம் வந்த ஆராய்ச்சிகள்ல சிலது ஒத்துப்போச்சு சிலது போகல, அதனால இதை வச்சு ஜோடிப்பொருத்தம் பாக்கக் கிளம்பிடாதீங்க.

சரி, என்ன பண்ணணும்? செண்ட்டுக்கு முன்னாடி அக்குளைக் கவனிங்க. வேர்வைக்குன்னு பெருசா வாசனை கிடையாது, அதை அங்க இருக்குற பாக்டீரியா தின்னு உடைக்கும்போதுதான் நாத்தம் வருது. டியோடரன்ட் பாக்டீரியாவை அடக்கி வாடையை மறைக்கும், ஆன்டிபெர்ஸ்பிரன்ட்ல இருக்குற அலுமினிய உப்பு வேர்வை வர்ற வழியையே அடைக்கும், ரெண்டும் வேற வேற. ரெண்டாவதை ராத்திரி காஞ்ச தோல்ல போட்டுட்டுத் தூங்குங்க, அப்பதான் நல்லா பிடிக்கும். சட்டையையும் சந்தேகப்படுங்க. துவைச்ச பாலியஸ்டர் சட்டையை அயர்ன் பண்ணும்போது அக்குள் பக்கம் பெட்டி பட்டதும் ஆவியோட ஒரு புளிச்ச வாடை கிளம்புச்சுன்னா, அந்தச் சட்டை வெளிய போய் உடம்புச் சூடு ஏறுனதும் அதே வேலையைத்தான் காட்டும். அது மேல செண்ட் அடிச்சா ரெண்டும் கலந்து மூணாவதா ஒண்ணு வரும், அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்ல. காட்டன்ல இந்தத் தொல்லை கம்மி.

இப்ப செண்ட் செலக்‌ஷன். ஃப்ரெண்டு மேல நல்லா இருக்குன்னு அதையே வாங்குறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. செக் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2012ல ஒண்ணு காட்டுனாங்க, ஒருத்தர் தானா பிடிச்சு வாங்குன பெர்ஃப்யூம் அவரோட உடம்பு வாசனையோட சேரும்போது, மத்தவங்க எடுத்துக் குடுத்ததைவிட நல்லா மணக்குதாம், இத்தனைக்கும் ரெண்டு பெர்ஃப்யூமும் தனியா மோந்தா பெருசா வித்தியாசம் இல்ல. அதனால உங்க மூக்கை நம்புங்க. கடையில பேப்பர்ல மோந்து பாத்து மூணுக்கு மேல போகாதீங்க, பிடிச்சதை மணிக்கட்டுல ஒரு தடவை அடிச்சிட்டு வாங்காம வெளிய வந்துடுங்க. முதல் கால் மணி நேரம் வர்ற வாசனை சும்மா வரவேற்பு, சாயங்காலம் என்ன மிச்சம் இருக்கோ அதுதான் உங்ககூட இருக்கப்போற வாசனை. நடுவுல மூக்கு குழம்பிடுச்சுன்னா கடையில மோந்து பாக்க நீட்டுற காப்பிக்கொட்டையெல்லாம் தேவையில்ல, உங்க முழங்கை மடிப்பை மோந்துக்கோங்க, இல்லன்னா கொஞ்சம் வெளிக்காத்து போதும்.

அடிக்கிறது ஈஸி. குளிச்சு முடிச்சு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவிட்டு, கழுத்துல ஒண்ணு, சட்டைக்குள்ள நெஞ்சுல ஒண்ணு, அவ்ளோதான். வறண்ட தோல்ல சீக்கிரம் பறந்துடும். பாட்டில்ல ஓ டி பர்ஃபம்னு போட்டிருந்தா வாசனை எண்ணெயோட செறிவு பொதுவா ஜாஸ்தி, ரெண்டே போதும், ஓ டி டாய்லெட்னு இருந்தா அதைவிடக் கம்மி, இன்னொண்ணு சேத்துக்கலாம். பாட்டிலை பாத்ரூம்ல வைக்காதீங்க, சூடும் வெளிச்சமும் அதைக் கெடுத்துடும்.

இதுல ஆளைக் கவுக்குற இடம் ஒண்ணு இருக்கு. கொஞ்ச நேரத்துல உங்க மூக்கு பழகிடும், உங்களுக்கு வாசனையே வராது, உடனே போயிடுச்சுன்னு நினைச்சு மறுபடி அடிப்பீங்க, எதிர்ல இருக்குறவங்களுக்கு அது டபுளா ஏறும். லிஃப்ட்காரர் கதை அதுதான்னு நினைக்கிறேன். சந்தேகம்னா வீட்ல யாரையாவது கேளுங்க. ஆஸ்துமா, மைக்ரேன் இருக்குறவங்களைப் பாக்கப் போறீங்கன்னா அன்னைக்கு அடிக்கவே அடிக்காதீங்க.

அப்ப இதெல்லாம் ஆளை ஈர்க்குமா? ஈர்க்கும், ஆனா நீங்க நினைக்கிற ரூட்ல இல்ல. 2009ல இங்கிலாந்துல பசங்க சில பேருக்கு வாசனை ஸ்ப்ரேயும் மத்தவங்களுக்கு வாசனை இல்லாததும் குடுத்து, அவங்களைச் சத்தமில்லாம வீடியோ எடுத்துப் பொண்ணுங்களுக்குக் காட்டுனாங்க. வாசனை போட்டவங்கதான் அழகா தெரிஞ்சாங்களாம். வீடியோவுல ஏது வாசனை? தன்மேல நல்ல வாசனை வருதுங்குற தெம்புல அவனோட உடல்மொழி மாறிடுச்சு, அம்புட்டுதான்.

இன்னொண்ணு, வாசனை மூளையில உணர்ச்சியும் ஞாபகமும் இருக்குற இடத்துக்கு நேரா போற விஷயம், அதனால எதிர்ல இருக்குறவங்களுக்கு அது எதை ஞாபகப்படுத்தும்னு நம்மளால சொல்லவே முடியாது. நான் ரொம்ப யோசிச்சு வாங்குன ஒரு செண்ட்டைப் போட்டுக்கிட்டு ஒருத்தங்களைப் பாக்கப் போனேன், அவங்க முகம் ஒரு மாதிரி ஆச்சு, கேட்டா அவங்களோட பழைய மேனேஜர் தினமும் இதைத்தான் அடிச்சிட்டு வருவாராம். பாட்டில் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கு.