ஊரணிக்கு நிதி கேட்கும் முன் புல எண்ணைப் பாருங்கள்

ஊரணி தூர்வார, சீமைக்கருவேலம் அகற்ற, கரையில் பனை நட என்று எதற்கு மனு எழுதினாலும், முதலில் நில ஆவணங்களுக்கான அரசு இணையதளத்தில் அந்த இடத்தின் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள்; நிலம் எந்த வகை, யார் பொறுப்பு என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு அது. கட்டணம் கிடையாது. ஊர்ப்பெயரும் புல எண்ணும் (சர்வே எண்) போதும். அப்புறம், கிராம சபைத் தீர்மானத்தில் ‘கோயிலுக்குத் தெற்கே உள்ள ஊரணி’ என்று மட்டும் எழுதாமல் புல எண்ணையும் வகைப்பாட்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

நிலம் யார் பொறுப்பில் இருக்கிறதோ, அவர்கள் வழியாகத்தான் நிதி வரும். ராமநாதபுரம் பக்கம் கண்மாய்களிலேயே பாதிக் குழப்பம்: 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். தப்பான மேசைக்குப் போன மனு அங்கேயே கிடக்கும்.

மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபை இதற்குத் தோது. ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய நேரம் இருக்கும்.

காப்புக்காடு, அலையாத்திக் காடு, மன்னார் வளைகுடாத் தீவுகள் என்றால் இந்த வழி உதவாது. அங்கே ஒரு கன்று நடவும் வனச்சரக அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.