தெலிப்டெரிடேசி பெரணிகள்: காம்பின் அடியை விட்டுவிட்டு வராதீர்கள்

பெரணி சேகரிக்கப் புதிதாக வருபவர்களோடு போகும்போதெல்லாம் பழைய என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது. சீட்டில் தேதி எழுத மறப்பது, மாதிரியை அழுத்திவைக்கும் தாளை மாற்றாமல் பூஞ்சை பிடிக்கவிடுவது எல்லாம் ஒருமுறை பட்டாலே திருந்திவிடும், அதை விடுங்கள்.

இலையை மட்டும் கிள்ளி வருவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். தெலிப்டெரிடேசி குடும்பத்தில் சுமார் ஆயிரம் சிற்றினங்கள். பெரும்பாலும் தரையில் வளர்பவை, இலையும் பெரும்பாலும் ஒரே அச்சு: சிறகு சிறகாகப் பிரிந்து, ஒவ்வொரு சிறகின் ஓரமும் இன்னும் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். டிரையாப்டெரிஸ் என்ற பேரினத்திலும் ஆதிரியேசி என்ற இன்னொரு பெரணிக் குடும்பத்திலும் இதே அச்சு உண்டு. அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? காம்பின் அடியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தெலிப்டெரிடேசி என்றால் இரண்டே வாஸ்குலார் கற்றைகள் (நீரும் உணவும் கடத்தும் குழாய்க் கற்றைகள்), மேலே போகப் போக இரண்டும் சேர்ந்து லாடம்போல ஆகிவிடும். டிரையாப்டெரிஸில் சிறு கற்றைகள் பல. ஆதிரியேசியிலும் இரண்டுதான், அதனால் அங்கே லென்ஸை எடுக்க வேண்டும்: இலையின் நடுநரம்பில் ஊசிபோன்ற நிறமற்ற தூவிகள் இருந்தால் நம் ஆள்.

முதல் வருடம் இரண்டு நாள் மலை ஏறி இறங்கி நாற்பது மாதிரி கொண்டுவந்தேன், தாளுக்குள் அடங்க வேண்டுமென்று எல்லாக் காம்பையும் பாதியில் நறுக்கி. மூத்தவர் ஒருவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "அடி எங்கே தம்பி?" என்றார். அவ்வளவுதான், பாதிக்குமேல் குப்பைக்குப் போனது. இலை நீளமா, மடித்து வையுங்கள். செடியையே பிடுங்காதீர்கள், செதிலோடு தரைத்தண்டில் ஒரு துண்டு போதும். அது படர்ந்து போகிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இண்டூசியம் இல்லை என்று சட்டென எழுதுவது

இலையின் அடிப்பக்கத்தில் வித்துப்பைகள் திரண்டிருக்கும் பொட்டு சோரஸ், அதை மூடும் மெல்லிய சவ்வு இண்டூசியம். முதிர்ந்தால் சவ்வு சுருங்கி உதிரும். இளம் சோரஸைப் பாருங்கள்.

இரண்டு பெயர் என்றால் இரண்டு செடி என்று நினைப்பது

வகைப்பாட்டாளர்கள் பேரினங்களை மாற்றி மாற்றிப் பிரித்ததால் வந்த குழப்பம் இது. 1963-இல் மார்ட்டன் மொத்தக் குடும்பத்தையும் தெலிப்டெரிஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். 1971-இல் ஹோல்ட்டம் பழைய உலகத்துச் (அமெரிக்கக் கண்டங்கள் நீங்கலான) சிற்றினங்களை மட்டுமே 23 பேரினங்களாகப் பிரித்தார். 2016-இல் வந்த பெரணி வகைப்பாட்டில் மொத்தம் 30. ஆகவே தெலிப்டெரிஸ் டென்டாட்டா, சைக்ளோசோரஸ் டென்டாட்டஸ், கிறிஸ்டெல்லா டென்டாட்டா மூன்றும் ஒரே செடிதான். என் முதல் பட்டியலில் அது மூன்று வரியில் இருந்தது, எண்ணிக்கை கூடியதில் சந்தோஷம் வேறு.

நரம்பைப் பார்க்காமல் விடுவது

வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், பக்கத்துப் பக்கத்து மடல்களின் கீழ் நரம்புகள் சேர்கின்றனவா என்று தெரிந்துவிடும்.